ங்க

அனுப்பர்பாளையம், இரண்டாம் மாடி, மாலை ஆறரை.
பின்னல் எந்திரம் பொருத்த வந்த ஐந்து கொரியர்கள்
செருப்பைக் கழற்றி, நுனி வாசலைப் பார்க்கத் திருப்பிவைத்து,
தமிழ் கற்க உட்காருகிறார்கள்.

முதல் நாள் கேட்டேன், புரிகிறதா?
"நே" என்றார் பே.
புரிகிறதா?
"நே."
பத்து வயது மூத்தவளை நீ என்கிறாரே,
எனக்கு முகம் சுண்டிப்போனது.
அவர்கள் ஊரில் அது ஆமாம்.
ஒரு வாரம் முழுக்க
அவர் ஆமாம் போட்டபோதெல்லாம் கோபித்திருக்கிறேன்.

அடுத்த வாரம் நோட்டு அட்டைகளில்
ஒவ்வொருவர் பெயரும் எழுதினேன்,
தமிழில், சுழி சுழியாய், சிவப்பு மையில்.
ஹியோன்ஜு நோட்டைத் தொடவே இல்லை.
செத்தவர் பெயரைத்தான் அங்கே சிவப்பில் எழுதுவார்களாம்.
ஐந்து பேரைக் கொன்றுவிட்டு
நீலப் பேனா வாங்கக் கடைக்கு ஓடினேன்.
வீட்டு மேசைமேல் தம்பியின் கல்யாணப் பத்திரிகை:
இரண்டு குடும்பமும், மூன்று தலைமுறை, எல்லாம் சிவப்பு.

சித்திரையில் பே கண் வீங்கி வந்தார்.
கதவடைத்து ஃபேன் போட்டுத் தூங்கினால் ஆள் செத்துப்போவான் என்று
அவர் அம்மா தினமும் போனில் எச்சரிக்கிறாராம்.
ஃபேன் நின்றால் செத்துப்போவோம் என்பது எங்கள் கட்சி.
இதற்கு என்னிடம் பாடம் இல்லை.

'வா' முடித்து 'வாங்க'வுக்கு வந்தேன்.
இந்தப் பக்கம் எதற்கும் பின்னால் ஒரு 'ங்க' போட்டால் போதும் என்றேன்.
"யோ!" என்று மேசையைத் தட்டினார்கள்.
அவர்கள் வாக்கியத்துக்கும் அதே மாதிரி ஒரு மரியாதை வால்.
அன்றிலிருந்து
தண்ணிங்க. பஸ்ஸுங்க.
நாயிங்க, கடிக்குதுங்க.

வாடகைக்கு வந்த சென்னியப்பன்
கிம்மைப் பார்த்துக் கேட்டார்,
"தம்பி எந்தக் கூட்டமுங்க?"
நான் பேச்சை மாற்ற வாயெடுப்பதற்குள்,
"கிம்ஹே ஊர் கிம்முங்க. வேற கிம்மும் இருக்குதுங்க.
ஒரே கிம்முக்குள்ள கல்யாணம் இல்லீங்க."
"அட, நம்மளாட்டவே!"
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.
"நாங்க காடைக் கூட்டமுங்க."
காபி வந்தது. சம்பந்தம் பேசாத குறை.
பிறகு என் பக்கம் திரும்பினார்.
"டீச்சரு...?"

பலகையைத் துடைக்கத் தொடங்கினேன்,
ஏற்கெனவே துடைத்த பலகையை.

"டீச்சர் நம்ம கூட்டமுங்க" என்றார் கிம்.

'நம்ம' பதினோராம் பாடத்தில்தான் வருகிறது.
நாங்கள் ஏழில் இருந்தோம்.