குழு விதி

எங்கள் ஃபிளாட்ஸ் குழுவுக்கு நான்தான் அட்மின்.
தண்ணீர், லிஃப்ட், குப்பை லொறி;
இவற்றுக்கு வெளியே ஒரு சொல்லும் ஆகாது.
விதியை எழுதியதும் நான்தான்.

ஐந்தாம் மாடி தேவசேனா டீச்சர் நேற்றிரவு
ஒரே வரிதான் போட்டார்:
"இரண்டாம் மாடியில் வேலைக்கு நிற்கும் பிள்ளையின் கையில்
இஸ்திரிப்பெட்டியின் முனை பதிந்திருக்கிறது."

வீட்டுக்காரர் மானநஷ்டம் என்றார்.
பதினொரு பேர் பெருவிரல் உயர்த்தினார்கள்.
அழித்தேன். டீச்சரையும் எடுத்துவிட்டேன்.
'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்பதை மட்டும்
என்னால் நீக்க முடியவில்லை.

இன்று வெள்ளவத்தையில் தார் உருகும் வெயில்.
லிஃப்டுக்குள் அவள், குப்பைப் பையோடு,
மணிக்கட்டு வரை இறங்கிய சட்டைக் கை.

"எத்தனையாம் மாடி, சேர்?"

லிஃப்ட் பற்றியதுதானே.
சொன்னேன்.