தபால் தராசு

நாலு கட்டம் போட்ட நோட்டு ஒன்று தந்தாள் கெர்ஸ்டி.
என்ன சாப்பிட்டேன், எப்போது, எவ்வளவு.
கடைசிக் கட்டம் மனநிலைக்கு:
ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண்.

திங்கள்.
காலையில் கறுப்பு ரொட்டி ஒரு துண்டு, வெண்ணெய் இல்லை.
மதியம் பீட்ரூட் சூப்.
இரவு ஒன்றே முக்காலுக்கு
பிரிட்ஜ் வெளிச்சத்தில் நின்றபடி
அவித்த உருளைக்கிழங்கு, உப்பில் தொட்டுத் தொட்டு,
நான்கு. பொய். ஆறு.
மனநிலை:
கடல் உறைந்து கிடக்கிறது.

நரம்பில் மருந்து இறங்கிய மாதங்களில்
தண்ணீர்கூட நாக்கில் இரும்பாக இருந்தது.
தோமஸ் சமைப்பான், மூடி வைப்பான்,
மறுநாள் சத்தமில்லாமல் கொட்டுவான்.
அன்று போன பசி
இப்போது வட்டியோடு வந்து நிற்கிறது.
ஒன்பது கிலோ.
மாத்திரையால் என்கிறார் டாக்டர்.
வயதால் என்கிறாள் அக்கா.
உயிரோடு இருக்கிறாயே, அது போதாதா என்கிறார்கள் மற்றவர்கள்.
போதும்தான்.
குளிர்கோட்டின் பொத்தானுக்குத்தான் போதவில்லை.

ஹாப்சாலு தபால் நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக
ஊராரின் பொட்டலங்களை நிறுக்கிறேன்.
கையில் வாங்கும்போதே கிராம் தெரிந்துவிடும்.
ஆய்வக அறிக்கையில் இருந்தது:
இடது மார்பு, அறுநூற்று நாற்பது கிராம்.
படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது,
வெட்கத்தோடுதான் சொல்கிறேன்,
ஒரு கிலோவுக்குள். சாதாரணக் கட்டணம்.

பிறகு செயற்கை மார்பு வந்தது, தபாலில்,
என் கவுண்டருக்கே.
வந்த பொட்டலத்தை யாரும் நிறுப்பதில்லை.
நான் நிறுத்தேன்.
அட்டைப்பெட்டியோடு எழுநூற்றுப் பத்து.
பக்கத்துக் கவுண்டரிலிருந்து ஊர்வே பார்த்தாள்,
ஒன்றும் கேட்கவில்லை,
என் முன்னால் 'மூடப்பட்டது' பலகையைத் திருப்பி வைத்தாள்.

செவ்வாய்.
நோன்புக்கு முந்தைய நாள், ஊரெல்லாம் கிரீம் பன்.
ஊர்வே இரண்டு வாங்கி வந்தாள்.
வேண்டாம், நோட்டு இருக்கிறது என்றேன்.
ஒன்றை எடுத்துத் தராசில் வைத்தாள்:
நூற்று முப்பது. "எங்கே அனுப்பட்டும்?"

மூட்டைகளுக்கு நடுவே நின்று தின்றோம்.
அவள் மூக்கில் கிரீம்.
எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு தழும்பை இழுத்தது,
இழுத்த இடத்தில் கை வைத்துக்கொண்டு
மறுபடியும் சிரித்தேன்.
வெளியே வரிசையில் யாரோ இருமினார்கள்.

அன்றிரவும் பிரிட்ஜைத் திறந்தேன்.
இரண்டு உருளைக்கிழங்கு. உண்மையாகவே இரண்டு.
அதன் பிறகு சிங்க்கில் குழாயைத் திறந்துவிட்டு
தோமஸ் விழித்துக்கொள்ளாதபடி அழுதேன்.
இதற்குக் கட்டம் இல்லை.

வியாழன் கெர்ஸ்டி நோட்டைப் படித்தாள்.
கடலுக்கு வந்ததும் நிறுத்தினாள்.
பென்சிலால் அதன் பக்கத்தில் மூன்று என்று எழுதி,
கொஞ்ச நேரம் பார்த்திருந்து,
அழித்தாள்.
"உப்பை மட்டும் கொஞ்சம் குறைக்கலாம், தைமி" என்றாள்.