லார்ஸ் சாவடிக்கு முன், நூற்று நான்கு சீட்டு

இரண்டு கட்டு வேண்டும், லமாரா.
ஒரு கட்டில் இவ்வளவு ஏமாற்றம் இருக்காது.

வானொலிப் பெட்டி கரகரக்கிறது:
"பத்து வரிசையா? என் படுக்கையில்
ஆறுக்கு மேல் இடமில்லையே, ஸாவென்."
நெருக்கிப் போடு. எண் தெரிந்தால் போதும்.
வரிசைக்கு நான்கு, எல்லாமே முகம் காட்டி.
இந்த ஆட்டம் எதையும் ஒளிப்பதில்லை,
அதுதான் இதன் குரூரம்.
வேண்டிய ஏஸ் எங்கே கிடக்கிறதென்று தெரியும்.
அதன் மேல் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்
என்பதும் தெரியும்.

பனிச்சரிவு சாலையை மூடி இது மூன்றாம் நாள்.
எனக்கு முன்னால் எழுபது லாரி,
நான்கு வண்டி தள்ளிப் பின்னால் நீ.
என் முதுகில் பதினெட்டு டன் மாண்டரின் ஆரஞ்சு
மெல்ல இனித்து அழுகிக்கொண்டிருக்கிறது.
உன் முதுகில் சோடாப் பாட்டில்கள்
உறைந்து ஒவ்வொன்றாய் வெடிக்கின்றன.
நீ பேசும்போது அந்தச் சத்தமும் கேட்கிறது.

சரி, நகர்த்துவது.
ஒரு தடவைக்கு ஒரே சீட்டு.
வரிசையின் கடைசியில் நிற்பது மட்டும்.
ஒன்பதின் மேல் எட்டு, எட்டின் மேல் ஏழு,
ஆடுதன் என்றால் ஆடுதன் மேல்தான்.
இனம் இனத்தோடுதான் சேரும்,
இந்த மலைகளின் இரண்டு பக்கமும் சொல்வதுபோல.
நம் இருவருக்கும் பொதுவான ருஷ்ய மொழியில்
கிளாவருக்குச் சிலுவை என்று பெயர்.
சிலுவை மேல் சிலுவை.

ஏஸ் விடுபட்டால் மேலே தனியே வை.
அதன்மேல் இரண்டு, மூன்று என்று ராஜா வரை.
எட்டு ராஜாக்களும் ஏறிவிட்டால் ஜெயித்தாய்.
பதினொரு வருடத்தில் நான் ஐந்து முறை.
இல்லை, நான்கு. ஒன்றில் திருடினேன்.

கையில் மிச்சம் அறுபத்து நான்கு.
ஒவ்வொன்றாய்த் திருப்பு. பொருந்தாததை ஓரமாய்ப் போடு;
அந்தக் குவியலில் மேலே கிடப்பது மட்டும் உன்னுடையது.
தீர்ந்தால் தீர்ந்தது. மறு சுற்று கிடையாது.

"திருடலாமா அப்போ?"
திருடு. யார் பார்க்கிறார்கள், சுங்க அதிகாரியா?
கணக்கில் மட்டும் சேர்க்காதே.

இனிமேல் சொல்வது விதியில் இல்லை:
நகர முடிகிறது என்பதற்காக நகர்த்தாதே.
ஒரு வரிசை காலியானால்
எந்தச் சீட்டையும் அங்கே வைக்கலாம்,
அதனாலேயே வைக்காதே.
கை துறுதுறுக்கும். கையின் மேல் உட்கார்.
நேற்று அந்தத் துருக்கிக்காரன்
ஓரம் காலியாக இருக்கிறதென்று வண்டியை ஒடித்தானே,
பிரசவத்துக்குப் போன ஆம்புலன்ஸ்
வர வேண்டியிருந்த இடம் அது.
நாற்பது பேர் சேர்ந்து தள்ளினோம்.
பெண்குழந்தையாம்.

என் கட்டில் ஒரு டைமன் இரண்டு இல்லை,
விளாதிகாவ்காஸில் ஒரு தேநீர்க் கடையில் விட்டேன்.
சுங்க ரசீதை அளவாய் வெட்டி
பேனாவால் இரண்டு கட்டம் வரைந்துகொண்டேன்.
நீல முதுகுகளுக்கு நடுவே
அதன் வெள்ளை ஓரம் கவிழ்ந்தாலும் தெரியும்.
இப்போது கையில் ஏழாவதாய் இருக்கிறது.
அதற்கான ஏஸோ
சிலுவை ராஜாவுக்கு நேர்க் கீழே.
ராஜா போக ஒரே ஒரு காலி வரிசை.
போய்விட்டால் ராஜாவை யார் கிளப்புவது?
இதைத்தான் நேற்றிரவு முதல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
வருவது தெரிந்திருப்பது
இவ்வளவு உபயோகமில்லாத விஷயம் என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.

முன்னால் சிவப்பு விளக்குகள் அணைகின்றன.
புகை. எவனோ கத்துகிறான்.
கஸாக் லாரி முனகி, குலுங்கி,
ஒரு வண்டி நீளம் முன்னே போகிறது.

என் எதிரே சாலை,
கறுப்பாய், ஈரமாய், சக்கரத் தடம் படிந்து,
ஒரு வண்டி அளவுக்குக் காலி.

கை கியரில் இருக்கிறது.
பின்னால் ஹாரன், அதன் பின்னால் ஹாரன்,
எல்லாவற்றுக்கும் மேலே உன் குரல்:
"ஸாவென்! கழுதையே!
அது சீட்டு இல்லை, ரோடு!"