பெற்றோர் கையொப்பம்

யார் பொறுப்பெடுப்பது என்று அதிபர் கேட்டபோது
எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள்.
நான் ஜன்னலைப் பார்த்தேன், அகப்பட்டுக்கொண்டேன்.
அப்படித்தான் வெல்லாவெளியில் ஒரு கணக்கு ரீச்சர்
மாணவர் படைக்கு லெப்டினன்ற் ஆனது.

முப்பது பிள்ளைகள். இருபத்திரண்டு சோடி சப்பாத்து.
ஐந்தாம் அளவு கேட்டால் எட்டு வரும்,
பழைய வினாத்தாளைக் கசக்கி
நுனியில் அடைத்துக்கொண்டு நிற்பார்கள்.
துவக்குகள் மரத்தில். ஒன்றில் கறையான்.
அது வரிசையின் கடைசிப் பிள்ளைக்கு.

வியாழன் பின்னேரம் கோப்ரல் வருவார்,
மொனராகலைப் பக்கத்து மனிதர்,
சைக்கிளை வேம்பில் சாத்திவிட்டுத் தொண்டையைச் செருமுவார்.
வம, தகுண, வம, தகுண.
இடம் வலம் என்று நான் சொன்னால் தடுமாறுகிற கால்கள்
அவருடைய பாஷைக்குத் தடுமாறுவதில்லை.
'வம' என்றால் என்னவென்று கேட்டேன் ஒரு பயலிடம்.
"தெரியா ரீச்சர்" என்றான்,
இடது காலைத் தூக்கிக்கொண்டே.

ஒருநாள் அணி அசையாமல் நிற்க
எருமையொன்று நடுவால் நடந்து போனது.
அதற்கும் ஒரு சல்யூட் அடித்தார் கோப்ரல்.
அன்று முழுக்க யாருக்கும் முகம் நேராகவில்லை.

யதுர்சிகாவின் படிவம் மட்டும் வரவில்லை.
மூன்று வியாழன் வேலிக்கு வெளியே நின்று
வெறுங்காலோடு தாளம் பிடித்தாள்.
"அம்மா வருவா, ரீச்சர்."

அம்மா வந்தாள். புவிராணி.
அரிசி ஆலையிலிருந்து நேரே,
புருவத்திலும் தவிடு.
கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.
படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினாள்.

"இதில எங்க கிடக்கு ரீச்சர்,
திருப்பித் தருவம் எண்டு?"

தேடினேன்.
தொப்பி, இடுப்புப் பட்டி, சப்பாத்து:
ஆண்டிறுதியில் நல்ல நிலையில்
திருப்பி ஒப்படைக்கப்பட வேண்டும்.
பிள்ளையைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

"என்னக் கொண்டுபோகக்குள்ள
ஆரும் கடதாசி நீட்டல்ல.
ரியூசன் முடிஞ்சு வந்த வழி.
இவட வயசுதான்."

அதற்குமேல் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை, எந்த வருடம், எத்தனை வருடம்,
எப்படித் திரும்பி வந்தாள் என்று.

அந்நேரம் வெளியே கோப்ரலின் குரல்:
"சீருவென்!"

ரப்பர் செருப்புக்குள் இரண்டு குதிகளும்
ஒன்றாய்ச் சேர்ந்தன. முதுகு நிமிர்ந்தது.
அந்தப் பாஷை அவளுக்கும் தெரியாது.
அவளை அழைத்த சொல் வேறாயிருந்திருக்கும்,
தமிழாய்த்தான் இருந்திருக்கும்.

கண்டேன். காணாதவள்போல்
மேசையைப் பார்த்தேன்.

பிறகு பேனையை எடுத்துப் படிவத்தின் அடியில்
கையால் ஒரு வரி எழுதினேன்:
பயிற்சி முடிந்ததும் பிள்ளை தாயிடம் ஒப்படைக்கப்படும்.
பதவியை விட்டு, பெயரை மட்டும் வைத்தேன்.

எழுத்தெழுத்தாய் வாசித்தாள்.
"நேரத்தையும் போடுங்க."

ஐந்தரை.

ஒப்பம் வைக்கவில்லை. மடித்து
தவிட்டுக் கையால் பைக்குள் வைத்தாள்.
"பாப்பம்" என்றாள்.

அடுத்த வியாழன் வரிசையின் கடைசியில்
கறையான் துவக்கோடு யதுர்சிகா.
படிவம் என் மேசையில் கிடந்தது,
ஒப்பத்துக்கான கோட்டில் ஆழப் பதிந்த பேனை,
மறுபக்கத்திலும் தடவினால் தெரியும்.
வேலியோரம் புவிராணி,
சைக்கிள் கைப்பிடியை விடாமல்,
மூன்றரையிலிருந்து.

அவளிடம் மணிக்கூடு இல்லை. வெயிலைப் பார்க்கிறாள்,
என்னைப் பார்க்கிறாள்.
ஐந்து இருபத்தேழுக்கே கோப்ரலுக்குக் கை காட்டினேன்.
"ஏன் மிஸ், இன்னும் நேரம் இருக்குதானே?"
"மழை வரும்போல" என்றேன்.

அவர் வானத்தைப் பார்த்தார்.
ஒரு துண்டு முகில் இல்லை.
வேலியைப் பார்த்தார்.
பிறகு, வழமையைவிட மெதுவாய்,
"விசிரென்" என்றார்.