ஆயிரத்து நூறு மில்லிகிராம்

கோட்லாந்துத் தீவில், ஸ்லீட்டே ஊரில்
இருபத்தாறு வருடம் சூளையைக் காத்தவன் நான்.
தொள்ளாயிரம் டிகிரியில் சுண்ணாம்புக்கல்
மூச்சை விட்டுவிட்டு வெள்ளையாகும்.
எந்தக் கல் எப்போது தளரும் என்று
சத்தத்தில் சொல்வேன்.
வீட்டுக்குள் ஒருத்தி கரைந்துகொண்டிருந்தது
காதிலும் விழவில்லை, கண்ணிலும் படவில்லை.

முதலில் தாகம்.
படுக்கையருகே ஒரு கூஜா, பிறகு இரண்டு.
"உப்பு மீன் தின்றால் அப்படித்தான்" என்றேன்.
பிறகு மறதி. படகுச் சாவியை
ரொட்டி டப்பாவில் வைத்திருந்தாள்.
பிறகு பேச்சே நின்றுபோனது.
நவம்பர் இருட்டு எல்லோரையும் அமுக்குவதுதான் என்று
வெளிச்சம் கூடிய விளக்கொன்று வாங்கி வந்தேன்.
அதன் எதிரே உட்கார்ந்து
சுவரைப் பார்த்தாள் குன்வோர்.
என்மேல்தான் கோபம் என்று
மூன்று குளிர்காலம் நானும் முறைத்தேன்.

சிறுநீரகத்தில் கல் வந்தபோது மட்டும் சிரித்தாள்:
"நீ வெளியே உடைக்கிறாய், நான் உள்ளே கட்டுகிறேன்."
ஒருநாள் உருளைக்கிழங்கு வாளியைத் தூக்கினாள்.
மணிக்கட்டு முறிந்தது,
காய்ந்த சுள்ளி மாதிரி.

ரத்தத்தைப் பார்த்த டாக்டர் சொன்னார்:
கழுத்தில், தைராய்டின் முதுகில்,
அரிசியளவில் நாலு பாராதைராய்டு.
கால்சியம் குறைகிறதா என்று பார்ப்பது அவற்றின் வேலை.
அதில் ஒன்று வீங்கிவிட்டது.
புற்று இல்லை, பயப்படாதீர்கள்.
வழிகிற பானையைப் பார்த்தே
"போதாது, போதாது" என்கிறது;
எலும்பு கொடுத்துக்கொண்டே இருக்கிறது.

எனக்குப் புரிந்தது.
எங்கள் சூளையிலும் ஒரு தடவை வெப்பமானி கெட்டு
ஆறிவிட்டது ஆறிவிட்டது என்று காட்ட,
கரி கொட்டிக் கொட்டி
உட்சுவர்ச் செங்கல்லையே உருக்கியிருக்கிறோம்.

கப்பலேறி ஸ்டாக்ஹோம் போனோம்.
கட்டியை எடுத்ததும் பத்து நிமிடம் பொறுப்பார்களாம்,
அதன் ஹார்மோன் பாதிக்குமேல் இறங்குகிறதா என்று.
இறங்கியது.
எடை ஆயிரத்து நூறு மில்லிகிராம்.
சட்டைப் பொத்தான் இரண்டு இருக்கும்.

ஒரு துணுக்கு ஆய்வுக்கு. கையெழுத்துப் போட்டோம்.
திரவ நைட்ரஜனில் புகைந்துகொண்டு போனது.
ஆய்வகத்துப் பெண் ஹில்லேவி விளக்கினாள்:
அந்த செல்களின் சமையலே மாறியிருக்கிறது;
சிலவற்றில் மைட்டோகாண்ட்ரியா நெருக்கியடித்துக் கிடக்கிறது;
அமினோ அமிலக் கணக்கு
நல்ல சுரப்பியோடு ஒத்துவரவில்லை.
"சரி, அது எதை எரிக்கிறது?"
சூளைக்காரன் வேறென்ன கேட்பான்.
"அதைத்தான் தேடுகிறோம்" என்றாள், மழுப்பாமல்.
எரிபொருள் மாறியதால் வீங்கியதா,
வீங்கியதால் எரிபொருள் மாறியதா,
அதுவும் தெரியாதாம்.

அன்றிரவு குன்வோருக்கு உதடு மரத்தது.
விரல் நுனியெல்லாம் எறும்பு.
எலும்புக்குப் பசி, என்றாள் நர்ஸ்;
பறிகொடுத்ததையெல்லாம்
ஒரே இரவில் திருப்பிக் கேட்கிறது.
மாத்திரை அட்டையைப் படித்தேன்:
கால்சியம் கார்பனேட்.
நான் சுடுகிற அதே கல்.
மென்று முகம் சுளித்தாள்: "உன் வேலைச் சட்டை வாசனை."

ஊர் திரும்பிய ஏழாம் நாள்
ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது கூஜாவைத் தூக்கினேன்.
கனத்தது. தொடவேயில்லை.
யாரையாவது எழுப்பிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.
வீட்டில் வேறு யார்? அவளையே எழுப்பினேன்.
"மணி நாலரை" என்றாள்,
மூன்று வருடத்துக்கு அப்புறம்
நிஜமான கோபத்தோடு.