உப்புக் கழுவுதல்

கந்தப்பளையில் பீலித் தண்ணீர்
விரலைக் கடிக்கிற கார்த்திகைக் கடைசி.
ரீலைக் கழற்றி வைத்துக் கழுவுகிறேன்.
பல்லிடுக்கெல்லாம் உப்பு.
மூதூரில் என்னோடு லொறி ஏறியது,
பதினெட்டு வளைவிலும் இறங்கவில்லை.

போகும்போது லீக்ஸ், கரட், கோவா.
இறக்கி முடிய விடிய நாலு மணி.
கிளீனர் சிவநேசன் வெறுஞ்சாக்கில் சுருண்டுகொள்வான்.
நான் சீட்டுக்கு அடியிலிருந்து
நாலு துண்டுக் கோலை எடுத்துப் பூட்டுவேன்.
எண்ணெய் இல்லாத வருடம், பொத்துவிலில்,
ஐந்து லீற்றர் டீசலுக்கு
ஒரு வெள்ளைக்காரன் தந்துவிட்டுப் போனது.

இரை கிடையாது எனக்கு.
பொய்தான் கட்டுவேன்:
அடுத்த லயத்து ஆட்டின் தாடி மயிர்,
தேயிலைப் பக்கற்றின் உள்வெள்ளித் தாள்,
கண்ணுக்கு மகளின் நகப்பூச்சு.
"சிவப்புக் கண் மீன் எந்தக் கடலில் இருக்கு?"
என்று கேட்டாள் சர்மினி.
இந்த டப்பாவில், என்றேன்.

கங்கை கடலில் விழும் இடத்தில்
முழங்கால் தண்ணீர்.
எங்கள் ஓடையும் இதற்குள்தான் எங்கோ வருகிறது,
எங்கள் மருந்தையும் உரத்தையும் சுமந்துகொண்டு.
அதை நினைத்தால் கால் கொஞ்சம் கூசும்.

கயிற்றைப் பின்னால் வீசி
அது முழுதாய் நீளும்வரை பொறுத்து
முன்னால் விட வேண்டும்.
பொறுக்காவிட்டால் சொந்தக் காதில் கொளுவும்.
கொளுவியிருக்கிறது.
றிபாய் நானாதான் குறட்டால் எடுத்துவிட்டார்.
"டிரைவர், காத்துக்கு ஏன் அடிக்கிறீர்,
அது என்ன குற்றம் செஞ்சது?" என்பார்
எப்போதும், வலையை உதறியபடி.

போன கிழமை கேட்கவில்லை.
தோணிகளைத் தென்னை வரைக்கும் இழுத்து ஏற்றியிருந்தார்கள்.
வாடை திரும்பிவிட்டது.
தண்ணீர் பால் தேத்தண்ணி நிறம்.
"இதான் கடைசி விடியல். எறிஞ்சிட்டுப் போம்."

எறிந்தேன். தோள் மரத்துப்போகும் வரை எறிந்தேன்.
போதும் என்று சுற்றத் தொடங்கும்போது
கட்டா ஒன்று நம்பிவிட்டது.
ரீல் கத்திய கத்தில் சிவநேசனே எழும்பி வந்தான்.
இரண்டு தரம் தண்ணீருக்கு மேலே வந்தது,
தகரத்தை யாரோ வெயிலில் திருப்பியது போல.
மூன்றாம் தரம் வரவில்லை.
கயிறு கையில் லேசாகிவிட்டது.

கொட்டியாரக் குடாவில் எங்கோ
வாயில் ஆட்டுத் தாடியோடு ஒரு மீன்.
கொக்கி துருப்பிடித்து விழுந்துவிடும் என்பார்கள்.
விழட்டும்.

இங்கே ராத்திரி வானம்
துடைத்துக் கவிழ்த்த சட்டிபோல இருந்தது.
அப்படி இருந்தால் விடியலில் உறைபனி.
இந்த வருடம் முந்திக்கொண்டது.
லீக்ஸ் இலையில் ஏறிய வெள்ளையை
வெயில் படுவதற்கு முன் கழுவாவிட்டால்
பத்து மணிக்குப் பாத்தி கருகிப்போகும்.

நாலரைக்கு மோட்டரைப் போட்டேன்.
டோர்ச்சைப் புஷ்பகாந்தி பிடித்தாள்.
ஹோஸ் வாயில் பெருவிரலை வைத்து
வரிசை வரிசையாக அடித்துப் போனேன்.
விரல் இருக்கிறதா இல்லையா
பார்த்தால்தான் தெரியும்.
வரப்பு முடிகிற இடத்தில், என்னவோ,
ஹோஸைப் பின்னால் வீசி
பொறுத்து
முன்னால் விட்டேன்.
தண்ணீர் நல்ல தூரம் போனது,
இருட்டுக்குள், ஒன்றும் நடாத பக்கம்.
"அங்கே என்ன இருக்கு?" என்றாள்.
"இந்தப் பாத்திக்கு அடி."

ஏழு மணிக்குப் போன்.
றிபாய் நானா பேசுவதற்கு முன்பே
கடல் பேசியது.
ரோட்டு வரைக்கும் வந்துவிட்டதாம்.
மாசிக்கு முன்னால் இந்தப் பக்கம் வர வேண்டாமாம்.
கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம்.
பிறகு அவர் தொண்டையைச் செருமி,
"லீக்ஸ் கிலோ என்ன போகுது?" என்றார்.