நான்காம் கிண்ணம்

மின்விசிறியை நிறுத்தினால் வியர்வை,
ஓடவிட்டால் சீட்டுகள் பறக்கின்றன.
ஊறுகாய் பாட்டிலை ஒரு மூலைக்குப் பாரமாக வைத்து
மூன்றை மட்டும் விரிக்கிறேன்.

டார்வினில் இது மழைக்கு முந்தைய மாதம்.
வானம் மாலைதோறும் கறுத்து
உறுமிவிட்டு
ஒரு துளி தராமல் கலைந்துபோகும்.
மாம்பழப் பைத்தியம் என்கிறார்கள் இந்தப் புழுக்கத்தை.

டாரட் கட்டு வாங்கியது ரேபிட் கிரீக் ஞாயிற்றுச் சந்தையில்,
கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் நடுவே
பழைய சாமான் விற்ற பெண்ணிடம், ஆறு டாலருக்கு.
"எழுபத்தெட்டும் இருக்கு, எண்ணிப் பார்" என்றாள்.
எண்ணவில்லை.

ஊரில் என்றால் கிளி எடுக்கும்.
ஒரு நெல்லுக்கு ஓர் ஆயுளைக் கவ்விப் போட்டுவிட்டுக்
கூண்டுக்குள் திரும்பிவிடும்.
இங்கே கிளிகள் விடியலில் பனையுச்சியில் கூட்டமாகக் கத்துகின்றன;
யாருடைய கல்யாணமும் அவற்றுக்குப் பொருட்டில்லை.
நானே எடுத்து நானே வாசிக்கிறேன்.
நெல்லும் கிடையாது.

பரிதி தீவுச் சுரங்கத்துக்குப் போனால் இரண்டு வாரம்,
வந்தால் ஒரு வாரம்.
நெய்வேலிக்காரனுக்குத் தோண்டாமல் சோறு இறங்காது என்று
பந்தியில் யாரோ சொன்னபோது
நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஆகஸ்டிலிருந்து நான்கு முறை வந்துவிட்டது அந்தச் சீட்டு.
மரத்தடியில் கைகட்டி உட்கார்ந்த இளைஞன்.
முன்னால் மூன்று கிண்ணங்கள்.
மேகத்திலிருந்து ஒரு கை நான்காவதை நீட்டுகிறது,
அவன் நிமிர்ந்து பார்ப்பதில்லை.
நோட்டில் எழுதினேன்: பரிதி.
அடுத்த முறை: பரிதியேதான்.
நீட்டும் கை என்னுடையது என்பதில்
எனக்குச் சந்தேகமே வரவில்லை.

பகலெல்லாம் ரத்தம் எடுக்கிறவள் நான்.
கண்ணுக்குத் தெரியாத நரம்பை
விரல்நுனியால் கண்டுபிடிப்பேன்.
"குத்தியதே தெரியலையே" என்பார்கள்.

அக்டோபர் ஒன்பதாம் தேதிப் பக்கத்தில்
வேறொரு கேள்வி இருக்கிறது.
என் கையெழுத்துதான், எழுதிய நினைவில்லை.
"அவன் விமானம் கிளம்பியதும்
எனக்கு ஏன் மூச்சு லேசாகிறது?"

அதற்குச் சீட்டு எடுக்கவில்லை.
கட்டைத் துணியில் சுற்றிப்
பருப்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை வந்தான்.
சாம்பார் வைக்கிறேன் என்று பருப்பைத் தேடியவன்
இதை எடுத்து வந்தான்.
"ஜோசியமா?"
"இல்ல. யோசிக்கிறதுக்கு."
கேலி செய்வான் என்று காத்திருந்தேன்.
ஈரக்கையைக் கைலியில் துடைத்துவிட்டு
ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனான்,
சம்பளச் சீட்டைப் பார்ப்பவனைப் போல.
கிண்ணங்களில் நின்றான்.

"இவன் நைட் ஷிப்ட் முடிச்சு வந்தவன்" என்றான்.
"இருக்கிற மூணையே இன்னும் குடிக்கல, பாவம்."
கொஞ்சம் பொறுத்து,
"இந்தக் கை யாரோடது? முகத்தையே காணோமே."

குக்கர் மூன்றாவது விசில் அடித்தது.
அணைக்க எழுந்தவள்
அடுப்படியிலேயே நின்றுவிட்டேன்,
எவ்வளவு நேரம் என்று தெரியாது.
அவன் கூப்பிடவில்லை.
சீட்டுகளை ஓரம் சேர்த்துத் தட்டி
அடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

வழக்கமாக டம்ளர் நிறைய டீயை அவன் முன் வைத்துவிட்டு
ஆறுகிறது ஆறுகிறது என்று நச்சரிப்பேன்.
இன்று வாசலிலிருந்தே கேட்டேன்:
"டீ வேணுமா?"
யோசித்தான். உண்மையிலேயே யோசித்தான்.
"பாதி."

மீதிப் பாதியை நின்றுகொண்டே குடித்தேன்.
நோட்டு என் வேலைப்பையில் இருக்கிறது,
பஞ்சுருண்டைகளோடும் பிளாஸ்டர்களோடும்.
அடுத்த சனி வரை இருப்பான்.